மின்புலம் என்னும் ஒரே இழை: மேல்நிலை வகுப்பில் மின்னியல் கற்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பன்னிரண்டாம் வகுப்பில் நிலைமின்னியலும் மின்னோட்டவியலும் முடிந்த பிறகு மாணவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மேசையின் இந்த முனையில் பேட்டரி இருக்கிறது. அந்த முனையில், 1 மீட்டர் தள்ளி, விளக்கு எரிகிறது. விளக்கை ஒட்டிய கம்பிக்குள் இருக்கும் ஓர் எலக்ட்ரானை நகர்த்தும் விசை எங்கிருந்து வருகிறது? "பேட்டரி தள்ளுகிறது" என்பார்கள். "பின்னால் இருக்கும் எலக்ட்ரான் முன்னால் இருப்பதைத் தள்ளுகிறது" என்பார்கள். மின்புலம் பற்றிய ஐந்து மதிப்பெண் வினாவுக்குப் பிசகின்றி விடையெழுதிய மாணவர்கூட "கம்பிக்குள் ஒரு மின்புலம் இருக்கிறது, அது தள்ளுகிறது" என்று சொல்வது அரிது.

இதற்கு மாணவர்களைக் குறை சொல்வதற்கில்லை. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஓம் விதியும் தொடர், பக்க இணைப்புகளும் பத்தாம் வகுப்பிலேயே வந்துவிடுகின்றன. மின்புலத்தை விரிவாகப் படிப்பதோ பன்னிரண்டாம் வகுப்பின் முதல் அலகில்தான். ஆகவே, மின்னோட்டம் என்றால் சுற்றுப்படமும் கணக்கும், மின்புலம் என்றால் வெக்டரும் தருவித்தலும் என்று இரண்டும் மனத்தில் தனித்தனி அறைகளில் குடியேறிவிடுகின்றன. தேய்த்த பலூனில் தொடங்கி எரியும் விளக்கு வரை மின்புலத்தையே இழையாகக் கொண்டு இரண்டு அலகுகளையும் கோத்துச் செல்லும் ஒரு வரிசையைக் கீழே தருகிறேன். இதற்குப் பதினான்கு அல்லது பதினைந்து பாடவேளைகள் போதும். தருவித்தல்களைப் பாடநூல் செவ்வனே தருகிறது. அவற்றை இங்கே திரும்ப எழுதவில்லை.

முன்னேற்பாடு: ஈரப்பதமும் பொருள்களும்

நிலைமின் சோதனை வகுப்பில் தோற்றுப்போவதற்கு முதன்மைக் காரணம் ஈரப்பதம். கடற்கரை மாவட்டங்களில் பணியாற்றுவோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காற்று மின்னூட்டத்தைக் கடத்திச் சென்றுவிடுகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மையில் பொருளின் மேற்பரப்பில் படியும் மெல்லிய நீர்ப்படலமே பெரும்பாலும் கசிவுக்கு வழியாகிறது. எனவே குழாய், துணி, தெர்மாகோல் ஆகியவற்றை வெயிலில் ஒரு மணி நேரம் காயவைத்துவிட்டு, வகுப்புக்குள் நுழையும்போது எடுத்துச் செல்லுங்கள். முடி உலர்த்தும் கருவி ஒன்று கையில் இருந்தால் மழைக்காலத்திலும் சமாளிக்கலாம். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், தொங்கும் நாடாக்கள் காற்றில் ஆடினால் எது விலக்கம், எது காற்று என்று தெரியாமல் போகும்.

தேவையானவை எல்லாம் பெட்டிக்கடையிலும் வீட்டிலும் கிடைப்பவைதாம்: செல்லோடேப், பலூன், அரை அங்குல பிவிசி குழாய், கம்பளித் துண்டு, தெர்மாகோல் பலகை, எவர்சில்வர் தட்டு, பழைய லைன் டெஸ்டரைக் கழற்றி எடுத்த சிறு நியான் விளக்கு, மல்டிமீட்டர், 9 வோல்ட் பேட்டரி, டார்ச் விளக்குகள். வீட்டு மின்சாரத்தை எந்தச் சோதனைக்கும் பயன்படுத்தக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். டெஸ்டரிலிருந்து விளக்கைக் கழற்றுவது ஆசிரியரின் வேலை. கழற்றிய டெஸ்டரை மறுபடி பூட்டி யாரும் பிளக்கில் செருகாதபடி அப்போதே குப்பையில் போட்டுவிடுங்கள்.

படி 1: செல்லோடேப்பும் இரண்டு வகை மின்னூட்டமும்

சீப்பையும் காகிதத் துணுக்கையும் வைத்துத் தொடங்குவது நம் வழக்கம். அது ஈர்ப்பை மட்டுமே காட்டுகிறது, விலக்கத்தைக் காட்டுவதில்லை. அதனால் நான் செல்லோடேப்பில் தொடங்குகிறேன். இருவர் இருவராக அமர்த்துங்கள். மேசைமீது ஒரு நாடாவை ஒட்டி, அதை அடித்தளமாக விட்டுவிடச் சொல்லுங்கள். அதன்மேல் 15 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டாவது நாடாவை ஒட்டி, பிடித்து இழுக்க வசதியாக அதன் ஒரு முனையை மடித்து, "கீ" என்று எழுத வேண்டும். அதன்மேல் மூன்றாவது நாடாவை ஒட்டி, "மே" என்று எழுத வேண்டும். இப்போது கீ, மே இரண்டையும் சேர்த்து, அடித்தள நாடாவிலிருந்து மெதுவாக உரித்தெடுத்து, வழவழப்பான பக்கத்தை விரலால் ஒருமுறை தடவ வேண்டும். சேர்ந்திருக்கும் அந்த இரட்டை நாடா கையால் ஈர்க்கப்படவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பிறகு இரண்டையும் சட்டென்று பிரிக்க வேண்டும்.

அடுத்த குழுவின் நாடாக்களோடு ஒப்பிடச் சொல்லுங்கள். கீயும் கீயும் விலகும். மேயும் மேயும் விலகும். கீயும் மேயும் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும். மின்னூட்டம் இருவகை என்ற முடிவுக்கு மாணவர்கள் தாங்களாகவே வந்துவிடுவார்கள். அதைவிட முக்கியமானது, பிரிப்பதற்கு முன் எந்த விளைவும் இல்லாத இரட்டை நாடா, பிரித்ததும் இரண்டு எதிரெதிர் மின்னூட்டங்களாக நிற்கிறது என்பது. மின்னூட்டம் உருவாக்கப்படவில்லை, பிரிக்கப்பட்டது என்ற அழிவின்மை விதியைச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது. இங்கே எதையும் எதன்மேலும் தேய்க்கவில்லை என்பதையும் சுட்டிக்காட்டுங்கள். இரு பொருள்கள் தொட்டுப் பிரிவதே போதுமானது; தேய்ப்பது தொடும் இடங்களை அதிகமாக்கும் வழி.

எது நேர், எது எதிர் என்று உடனே கேட்பார்கள். தலையில் வாரிய பிளாஸ்டிக் சீப்பு எதிர் மின்னூட்டம் பெறுகிறது. அதை அருகில் கொண்டுபோய், எந்த நாடா விலகுகிறதோ அது எதிர் என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். எண்ணெய் வைத்த தலை இதற்கு உதவாது என்பதைக் கொஞ்சம் சிரிப்போடுதான் அறிந்துகொண்டேன்.

படி 2: மின்னூட்டமற்ற பொருளும் ஏன் இழுக்கப்படுகிறது?

நாடாவின் அருகே கையைக் கொண்டுசென்றால் கீ, மே இரண்டுமே கையை நோக்கி வருகின்றன. அப்படியானால் கையில் இருப்பது மூன்றாவது வகை மின்னூட்டமா? இந்தக் கேள்வியை வகுப்பில் போட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருங்கள். ஒரு பாடவேளை முழுவதும் இதற்கே போனாலும் நட்டமில்லை.

விடையை இரண்டு சோதனைகள் தரும். காலியான அலுமினியக் குளிர்பான டின்னை மேசைமீது படுக்கவைத்து, கம்பளியால் தேய்த்த பிவிசி குழாயை அருகில் கொண்டுசென்றால், டின் குழாயைத் தொடர்ந்து உருண்டு வரும். அடுத்து, கவிழ்த்து வைத்த கடிகாரக் கண்ணாடியின் மேல் ஒரு மர அடிக்கோலைச் சமநிலையில் நிறுத்தி, அதே குழாயை முனைக்கு அருகில் நீட்டினால் அடிக்கோலும் சுழலும். உலோகத்தில் கட்டற்ற எலக்ட்ரான்கள் ஒரு பக்கமாக ஒதுங்குகின்றன. காப்புப்பொருளில் எலக்ட்ரான் அணுவை விட்டு ஓடுவதில்லை. ஒவ்வொரு மூலக்கூறிலும் நேர், எதிர் மையங்கள் சிறிது விலகி முனைவாக்கம் நிகழ்கிறது. இரண்டிலும் அருகிலுள்ள பக்கத்தில் எதிர்வகை மின்னூட்டமும் தொலைவிலுள்ள பக்கத்தில் அதே வகையும் அமைகின்றன. தொலைவு கூடும்போது விசை குறைவதால் ஈர்ப்பே வெல்கிறது. அதாவது, விசை தொலைவைப் பொறுத்தது என்பது கூலூம் விதி வருவதற்கு முன்பே இங்கே தேவைப்பட்டுவிடுகிறது. ஈர்ப்பை வைத்து ஒரு பொருள் மின்னூட்டம் பெற்றதா என்று தீர்மானிக்க முடியாது, விலக்கமே உறுதியான சான்று என்ற முடிவும் இதிலிருந்தே வரும்.

தண்ணீர்த் தாரை வளைவதைக் காட்டலாமா என்று இளம் ஆசிரியர்கள் கேட்பதுண்டு. காட்சி அழகானது. ஆனால் "நீர் மூலக்கூறு ஓர் இருமுனை, ஆகவே வளைகிறது" என்ற ஒருவரி விளக்கம் போதாது. தாரை துளியாகப் பிரியும்போது தூண்டலால் நிகர மின்னூட்டம் பெறுவதும் இதில் சேர்கிறது. முதல் வாரத்தில் அந்தச் சிக்கல் வேண்டாம்.

தட்டும் தெர்மாகோலும்

வோல்டா 1775-இல் பரவலாக அறியச் செய்த மின்தூண்டல் கருவியை எவர்சில்வர் தட்டால் செய்துவிடலாம். தட்டின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தம்ளரைக் கைப்பிடியாக ஒட்டுங்கள். தெர்மாகோல் பலகையைக் கம்பளியால் நன்றாகத் தேய்த்து, தட்டை அதன்மேல் வைத்து, தட்டை விரலால் ஒருமுறை தொடுங்கள். சிறு பொறி தெறிக்கும். பிறகு கைப்பிடியால் தட்டை உயர்த்தி, ஒரு முனையைக் கையில் பிடித்த நியான் விளக்கின் மறுமுனையைத் தட்டில் வையுங்கள். அறை இருட்டாக இருந்தால் விளக்கு ஒரு கணம் பளிச்சிடுவது கடைசி வரிசைக்கும் தெரியும். கூர்ந்து பார்த்தால் விளக்கின் இரண்டு மின்முனைகளில் ஒன்றின் அருகில் மட்டுமே ஒளி இருக்கும். நியான் விளக்கில் எதிர் மின்முனையை ஒட்டியே ஒளி தோன்றுவதால், கையின் பக்கம் ஒளிர்ந்தால் எலக்ட்ரான்கள் கையிலிருந்து தட்டுக்குச் செல்கின்றன, அதாவது தட்டு நேர் மின்னூட்டத்தோடு இருக்கிறது என்று அறியலாம். எதிர் மின்னூட்டம் கொண்ட தெர்மாகோலின் மேல் இருந்த தட்டு நேர் மின்னூட்டம் பெற்றது எப்படி என்பதே அன்றைய வீட்டுப்பாடம்.

தெர்மாகோலை மறுபடி தேய்க்காமல் இதைப் பல முறை செய்ய முடியும். "அப்படியானால் ஆற்றல் இலவசமாகக் கிடைக்கிறதா?" என்று யாராவது கேட்கும் வரை காத்திருங்கள். தெர்மாகோலின் ஈர்ப்புக்கு எதிராகத் தட்டை உயர்த்தும் கை செய்த வேலையே விளக்கில் ஒளியாகிறது. மின்னழுத்த ஆற்றலுக்கான விதை இங்கே விழுந்துவிடுகிறது.

படி 3: கூலூம் விதிக்கு ஒரு பலூன் கணக்கு

கூலூம் 1785-இல் முறுக்குத் தராசு கொண்டு இந்த விதியை நிறுவினார் என்று சொல்லி, சமன்பாட்டை எழுதி, 9 × 10⁹ என்ற மாறிலியைத் தந்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் மாணவர்களுக்கு அளவு பற்றிய உணர்வு வராது. 1 மீட்டர் இடைவெளியில் 1 கூலூம் மின்னூட்டங்கள் இரண்டு இருந்தால் விசை 9 × 10⁹ நியூட்டன் என்று கணக்குப் போடுகிறார்கள்; அப்படி இரண்டு மின்னூட்டங்களை மேசைமீது வைக்கவே முடியாது என்பது தோன்றுவதில்லை. எனவே கண்ணெதிரே இருக்கும் ஒன்றை அளக்க வைக்க வேண்டும்.

ஊதிய பலூன்கள் இரண்டை, ஒரே ஆணியிலிருந்து மையம் வரை 1 மீட்டர் வருமாறு நூலில் தொங்கவிட்டு, கம்பளியால் தேய்த்து விடுங்கள். அவை விலகி நிற்கும்போது மையங்களுக்கு இடையே 30 சென்டிமீட்டர் இருப்பதாகக் கொள்வோம். பலூன் ரப்பரின் நிறை 3 கிராம். உள்ளிருக்கும் காற்றின் எடையை வெளிக்காற்றின் மிதப்பு விசை ஏறக்குறைய ஈடுசெய்வதால் அதை விட்டுவிடலாம். நூல் செங்குத்தோடு ஏற்படுத்தும் கோணத்தின் டேன் மதிப்பு ஏறத்தாழ 0.15. எடையை இதனால் பெருக்க, விலக்கு விசை 4.5 × 10⁻³ நியூட்டன் அளவில் வரும். மின்னூட்டம் பலூனின் மையத்தில் குவிந்திருப்பதாகவும் இரண்டும் சமம் என்றும் கொண்டு கூலூம் விதியில் இட்டால், ஒவ்வொன்றின் மின்னூட்டம் 2.1 × 10⁻⁷ கூலூம். 1.6 × 10⁻¹⁹ ஆல் வகுத்தால், 1.3 × 10¹² எலக்ட்ரான்கள் கூடுதலாகச் சேர்ந்திருக்கின்றன.

இது பெரிய எண் என்று வகுப்பு வியக்கும். அங்கே நிறுத்தாமல் அடுத்த வரியையும் போடச் செய்யுங்கள். 3 கிராம் ரப்பரில் ஏறத்தாழ 3.5 × 10²³ அணுக்கள் உள்ளன. ஆக, 26 ஆயிரம் கோடி அணுக்களுக்கு ஓர் எலக்ட்ரான் மட்டுமே கூடுதல். பொருள்கள் எவ்வளவு துல்லியமாக நடுநிலையில் இருக்கின்றன, அந்த நடுநிலை எவ்வளவு சிறிதளவு குலைந்தாலும் கண்ணுக்குத் தெரியும் விசை கிடைக்கிறது என்பது இந்த ஒரு கணக்கில் பதிந்துவிடும். 2.1 × 10⁻⁷ கூலூம் என்ற எண்ணைக் கரும்பலகையின் ஓரத்தில் அழிக்காமல் விட்டுவையுங்கள். மின்னோட்டம் வரும்போது மீண்டும் தேவைப்படும்.

படி 4: புலம் என்ற கருத்தை அறிமுகப்படுத்துதல்

கூலூம் விதியே விசையைத் தந்துவிடுகிறதே, மின்புலம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. அதற்கு நேர்மையான விடை சொல்லாமல் "ஓரலகு மின்னூட்டத்தின் மீதான விசை" என்ற வரையறைக்குத் தாவினால், புலம் என்பது வகுத்தல் கணக்காகச் சுருங்கிவிடும். நான் இப்படிக் கேட்கிறேன்: தேய்த்த குழாயை இங்கே அசைத்தால் 30 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் நாடாவுக்கு அது எப்போது "தெரியும்"? அதே கணத்திலேயே என்று கூலூம் விதி சொல்வது போலத் தோன்றும். உண்மையில் அந்த மாற்றம் ஒளியின் வேகத்தில் பரவுகிறது. 30 சென்டிமீட்டரைக் கடக்க 1 நானோ நொடி ஆகிறது. அந்த 1 நானோ நொடியில் "செய்தி" எங்கே இருக்கிறது? குழாயிலும் இல்லை, நாடாவிலும் இல்லை, இடையிலுள்ள வெளியில் இருக்கிறது. அந்த வெளியின் நிலையைத்தான் மின்புலம் என்கிறோம். இந்தக் கருத்து வளர்ந்தது பாரடேயிடமிருந்து என்று இங்கே சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

இதன் பிறகு வரையறை வரட்டும். புலம் இருக்கும் இடத்தில் சோதனை மின்னூட்டத்தை வைத்தால் விசை தோன்றுகிறது. எடுத்துவிட்டால் விசை இல்லை, புலம் அப்படியே இருக்கிறது. சோதனை மின்னூட்டத்தை இரு மடங்காக்கினால் விசை இரு மடங்காகும், அவற்றின் தகவு மாறாது. "சோதனை மின்னூட்டத்தைப் பாதியாக்கினால் மின்புலம் என்னவாகும்?" என்ற ஒற்றை வினாவில் வகுப்பின் பாதி தடுமாறும், இந்த இடத்தில் நிதானித்துச் செல்ல வேண்டும்.

முதலில் அம்புகள், பிறகு கோடுகள்

மின்புலக்கோடுகளுக்கு விரைந்து போய்விடாதீர்கள். வானிலை அறிக்கையில் காற்றின் திசையைக் காட்டும் அம்புகளை மாணவர்கள் பார்த்திருக்கிறார்கள். அதே போல, வரைபடத்தாளில் ஒரு நேர் மின்னூட்டத்தை வைத்து, சுற்றிலும் பன்னிரண்டு புள்ளிகளில் அம்பு வரையச் சொல்லுங்கள். தொலைவு இரு மடங்கானால் அம்பின் நீளம் கால் பங்காக வேண்டும். பிறகு இரண்டு மின்னூட்டங்கள், ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு அம்புகள், வெக்டர் கூடுதல். கை வலிக்கும் வேலைதான். ஆனாலும் மேற்பொருந்துதல் தத்துவம் கையில் படிவது இப்படித்தான். இடையில் வேறொரு பொருள் இருந்தால் புலம் "மறிக்கப்படும்" என்று நினைப்பவர்களுக்கு, மூல மின்னூட்டத்தின் புலம் அப்படியே தொடர்கிறது, இடைப்பொருளில் தூண்டப்பட்ட மின்னூட்டங்களின் புலம் அதனோடு கூடுகிறது என்று விளக்குங்கள்.

அம்புகளை இணைத்தால் கோடுகள் தாமாகவே தோன்றும். கோடுகள் வந்ததும் மூன்று தவறுகள் கூடவே வரும். கோடு இருக்கும் இடத்தில் மட்டும்தான் புலம் இருக்கிறது, இரு கோடுகளுக்கு நடுவே வெறுமை என்பது முதல் தவறு. மின்னூட்டம் கோட்டின் வழியே பயணம் செய்யும் என்பது இரண்டாவது. இதற்குப் பந்தை எறிந்து காட்டினால் போதும்: ஈர்ப்புப்புலக் கோடுகள் செங்குத்தாகக் கீழ்நோக்கி இருக்கின்றன, கிடையாக எறிந்த பந்தோ பரவளையத்தில் போகிறது, கோடு விசையின் திசையைத்தான் சொல்கிறது, பாதையை அல்ல. மூன்றாவது தவறு நம் கரும்பலகையினுடையது. கோடுகளின் அடர்த்தி புலத்தின் வலிமையைக் காட்டும் என்கிறோம். ஆனால் தட்டையான பலகையில் வரையும்போது அடர்த்தி தொலைவுக்கு எதிர்த்தகவில்தான் குறைகிறது, தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவில் குறைவதில்லை. முப்பரிமாணத்தில்தான் அந்தக் கூற்று சரியாகும். எலுமிச்சம்பழத்தில் எல்லாப் பக்கமும் பல்குத்தும் குச்சிகளைச் செருகிக் காட்டினால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

அதே எலுமிச்சம்பழம் காஸ் விதிக்கும் உதவும். அதைச் சுற்றி ஒரு கொசுவலையைக் கற்பனை செய்யச் சொல்லுங்கள். வலையை இறுக்கினாலும் தளர்த்தினாலும் அதை ஊடுருவி வெளியேறும் குச்சிக்கோடுகளின் நிகர எண்ணிக்கை மாறாது. வலைக்கு வெளியே உள்ள இன்னொரு பழத்தின் கோடுகள் ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியேறிவிடும். வெளி மின்னூட்டம் வலைமீதான புலத்தை மாற்றும், நிகர மின்பாயத்தை, அதாவது வலையைக் கடந்து வெளியேறும் கோடுகளின் நிகர எண்ணிக்கையை, மாற்றாது. இந்த வேறுபாடு தெளிவானால் தருவித்தல்களை மாணவர்கள் தாங்களே படித்துக்கொள்வார்கள்.

படி 5: மின்னழுத்தம், தண்ணீர்த் தட்டில்

நான் அறிந்தவரை மாணவர்கள் அதிகம் இடறும் இடம் மின்னழுத்தம்தான். புலம் சுழியானால் மின்னழுத்தமும் சுழி என்ற நம்பிக்கை ஆழமானது. 20 சென்டிமீட்டர் இடைவெளியில் 1 நானோகூலூம் நேர் மின்னூட்டங்கள் இரண்டை வைத்தால், நடுப்புள்ளியில் புலம் சுழி, மின்னழுத்தம் 180 வோல்ட். ஒன்றை எதிர் மின்னூட்டமாக மாற்றினால், நடுப்புள்ளியில் மின்னழுத்தம் சுழி, புலம் மீட்டருக்கு 1800 வோல்ட். இந்த இரண்டு விடைகளையும் பக்கம் பக்கமாக எழுதி, மலையுச்சியோடு ஒப்பிடுங்கள்: உச்சியில் உயரம் உண்டு, அந்தப் புள்ளியில் சரிவு இல்லை. புலம் என்பது சரிவு. மின்னழுத்தம் என்பது உயரம்.

சொன்னதை அளந்து பார்க்க வேண்டும். அகலமான, தட்டையான பிளாஸ்டிக் தட்டின் அடியில் வரைபடத்தாளை ஒட்டி, அரை சென்டிமீட்டர் உயரத்துக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றி, 15 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு உலோகப் பட்டைகளை இணையாக வைத்து, 9 வோல்ட் பேட்டரியோடு இணையுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனை எதிர்ப் பட்டையில் இருக்க, மற்றொன்றால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு ஒரே அளவு காட்டும் புள்ளிகளைக் குறித்து இணைத்தால் சமமின்னழுத்தக் கோடுகள் கிடைக்கும். கணக்குப்படி ஒரு சென்டிமீட்டருக்கு 0.6 வோல்ட் வீதம், அதாவது மீட்டருக்கு 60 வோல்ட் மாற வேண்டும். பட்டையை ஒட்டிய சிறு பகுதியில் உலோகமும் நீரும் சந்திக்கும் இடத்து விளைவால் அளவு பொருந்தாது. நடுப்பகுதியில் சீராக இருக்கும்.

இப்போது தண்ணீரின் நடுவே, நீர்மட்டத்துக்கு மேலே எட்டிப் பார்க்கும் தடித்த உலோக வளையல் ஒன்றை வையுங்கள். வளையலுக்கு உள்ளே எங்கே தொட்டாலும் மல்டிமீட்டர் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். மாணவர்கள் மீட்டர் பழுதாகிவிட்டது என்றே முதலில் நினைப்பார்கள். மின்னழுத்தம் எங்கும் ஒன்றே என்றால் சரிவு இல்லை, சரிவு இல்லையென்றால் உள்ளே புலம் இல்லை. கடத்தியின் மறைப்பு விளைவை வாயால் சொல்வதைவிட அந்த ஒரு நிமிடத் திகைப்பு நன்றாகக் கற்பிக்கும்.

இதைத் தொடர்ந்து ஒரு கேள்வி: வானம் தெளிவாக இருக்கும் நாளில் தரைக்கு அருகே மீட்டருக்கு ஏறத்தாழ 100 வோல்ட் அளவில் கீழ்நோக்கிய மின்புலம் இருக்கிறது. அப்படியானால் நிற்பவரின் தலைக்கும் காலுக்கும் இடையே 150 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டுமே, ஏன் அதிர்ச்சி அடிப்பதில்லை? தண்ணீருக்குள் வைத்த வளையலைப் பார்த்த வகுப்பு, நம் உடலும் கடத்திதான், அது தரையோடு சேர்ந்து ஒரே மின்னழுத்தத்துக்கு வந்துவிடுகிறது என்று சொல்லிவிடும். மின்கம்பியில் உட்காரும் காகத்தையும் இதே மூச்சில் முடித்துவிடலாம்.

படி 6: கம்பிக்குள் புலம்

"கடத்திக்கு உள்ளே மின்புலம் சுழி" என்று நேற்று சொன்ன அதே ஆசிரியர் இன்று கம்பிக்குள் புலம் இருக்கிறது என்கிறாரே என்று ஒருவராவது கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்களே எழுப்புங்கள். நேற்றைய கூற்று மின்னூட்டங்கள் நகர்ந்து ஓய்ந்த சமநிலைக்கு உரியது. பேட்டரியின் வேலையே அந்தச் சமநிலை வரவிடாமல் தடுப்பதுதான்.

எண்களிலிருந்து தொடங்குங்கள். 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள தாமிரக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடும்போது எலக்ட்ரான்களின் இழுப்புத் திசைவேகம் நொடிக்கு 0.07 மில்லிமீட்டர்தான், 1 மீட்டரைக் கடக்க நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். எறும்பு இதைப் பார்த்துச் சிரிக்கும். அந்தக் கம்பிக்குள் இருக்கும் மின்புலம் மீட்டருக்கு 0.017 வோல்ட் மட்டுமே. பலூனின் எண்ணை இப்போது எடுங்கள்: 2.1 × 10⁻⁷ கூலூம் மின்னூட்டமும் 10 சென்டிமீட்டர் ஆரமும் உள்ள பலூனின் பரப்பில் புலம் மீட்டருக்கு 1.9 லட்சம் வோல்ட். பலூனின் புலம் கம்பியின் புலத்தைப்போல ஒரு கோடி மடங்கு. இருந்தும் பலூன் விளக்கை எரிக்கவில்லை. நொடிக்கு 1 கூலூம் ஓட வேண்டிய இடத்தில் பலூனிடம் மொத்தமாக இருப்பதே அதில் ஐம்பது லட்சத்தில் ஒரு பங்குதான். கம்பியிலோ ஒரு கன மீட்டருக்கு 8.5 × 10²⁸ கட்டற்ற எலக்ட்ரான்கள் இருப்பதால், மிகச் சிறிய புலமே பெரிய ஓட்டத்தைத் தந்துவிடுகிறது.

அந்தச் சிறிய புலம் எங்கிருந்து வருகிறது? பேட்டரி முனைகளின் மின்னூட்டம் மட்டுமே காரணமென்றால், பேட்டரிக்கு அருகில் உள்ள விளக்கு பிரகாசமாகவும் தொலைவில் உள்ளது மங்கலாகவும் எரிய வேண்டும். கம்பியை வளைத்தால் ஒளி மாற வேண்டும். அப்படி நிகழ்வதில்லை. காரணம், கம்பியின் மேற்பரப்பில் மின்னூட்டங்கள் பரவியிருக்கின்றன. சுற்றுப்படத்தின் மேலேயே அவற்றை வரைந்து காட்டுங்கள்: நேர் முனையருகே நெருக்கமான கூட்டல் குறிகள், போகப்போகத் தளர்ந்து, சுற்றின் நடுவில் இல்லாமலாகி, பிறகு கழித்தல் குறிகளாகத் தொடங்கி, எதிர் முனையருகே நெருக்கமாக. இந்த ஏற்ற இறக்கமே கம்பியின் நீளம் முழுவதும் உள்ளே புலத்தை உண்டாக்குகிறது. வளைவு வந்தால் எலக்ட்ரான்கள் நேரே போய் அங்கே பரப்பில் தேங்கும். தேங்கியவை பின்வருபவற்றைத் திருப்பிவிடும் அளவு சேர்ந்ததும் தேக்கம் நின்றுவிடும். மெல்லிய இழையும் தடித்த கம்பியும் சேரும் இடத்திலும் இப்படியே மின்னூட்டம் சேர்ந்து, இழைக்குள் புலத்தைக் கம்பியில் இருப்பதைப்போலப் பல ஆயிரம் மடங்கு உயர்த்துகிறது. சுவிட்சைப் போட்டதும் இந்த மறுசீரமைப்பு ஒளியின் வேகத்துக்கு நெருங்கிய வேகத்தில் பரவி முடிந்துவிடுகிறது. எலக்ட்ரான் நத்தைபோல நகர, விளக்கு உடனே எரிவதன் காரணம் இது.

தேர்வுக்கு இந்தப் பரப்பு மின்னூட்டப் படம் வராது. அதற்காக இதை விட்டுவிட்டால், பத்தாம் வகுப்பிலிருந்து வரும் தவறுகள் அப்படியே நீடிக்கும்: விளக்கு மின்னோட்டத்தைத் "தின்றுவிடுகிறது", பேட்டரி எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தைத் தருகிறது, சுற்றின் பிற்பகுதியில் செய்யும் மாற்றம் முற்பகுதியைத் தொடாது. ஒரு விளக்கு தொடரிலும் அதற்குப் பின் இரண்டு விளக்குகள் பக்க இணைப்பிலும் உள்ள சுற்றைக் காட்டி, பின்னிரண்டில் ஒன்றைக் கழற்றினால் முதல் விளக்கின் ஒளி என்னவாகும் என்று எழுதித்தரச் சொல்லிவிட்டு, பிறகு கழற்றிக் காட்டுங்கள். முதல் விளக்கு மங்கும். டார்ச் விளக்குகள் கடைகளில் அருகி வருவதால் எல்இடி போட்டால் என்ன என்று தோன்றும். எல்இடி ஓம் விதிக்குக் கட்டுப்படாது, இந்தச் சோதனை குழம்பிப் போகும். பழைய இழை விளக்குகளைத் தேடிப்பிடித்துச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: சோதித்தறிதல்

சூத்திரத்தில் எண்ணை இட்டு விடை காணும் கணக்குகள் பயிற்சிக்குத் தேவை. புரிதலை அவை காட்டிக்கொடுப்பதில்லை. வரையச் சொல்லும் வினாக்களும் காரணம் கேட்கும் வினாக்களும் காட்டிக்கொடுக்கும். நான் கடைசிப் பாடவேளைக்கு ஒரே ஒரு வினாவை வைத்திருக்கிறேன். 9 வோல்ட் பேட்டரி, ஒரு விளக்கு, ஒரு சுவிட்ச். சுவிட்சைத் திறந்துவிட்டோம், விளக்கு அணைந்துவிட்டது. இப்போது கம்பிக்குள் மின்புலம் எவ்வளவு, விளக்கின் முனைகளுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு எவ்வளவு, திறந்த சுவிட்சின் இரு முனைகளுக்கிடையே எவ்வளவு?

மின்னோட்டம் சுழி, ஆகவே எல்லாமே சுழி என்று எழுதுபவர் ஓம் விதியை மனப்பாடமாக மட்டும் வைத்திருக்கிறார். கம்பிக்குள் சமநிலை திரும்பிவிட்டதால் புலம் சுழி, ஆகவே விளக்கின் குறுக்கே மின்னழுத்த வேறுபாடு இல்லை, சுவிட்சின் இரு முனைகளிலும் எதிரெதிர் மின்னூட்டங்கள் நிற்பதால் அந்த இடைவெளியில்தான் முழு 9 வோல்ட்டும் இருக்கிறது என்று எழுதுபவருக்கு நிலைமின்னியலும் மின்னோட்டவியலும் ஒன்றாகிவிட்டன. விடைத்தாள்களை வாங்கி வைத்துக்கொண்டு, மல்டிமீட்டரை ஒரு மாணவியிடம் கொடுத்து, முதலில் விளக்கின் குறுக்கேயும் பிறகு திறந்த சுவிட்சின் குறுக்கேயும் வைக்கச் சொல்லி, மீட்டர் காட்டும் எண்ணை அவரையே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.